வடசேரி பஃபிங் மோட்டாரும் ஏர் பிஸ்டல் டிரிக்கரும்

கேள்வி: அண்ணாச்சி, பழைய ஸ்பிரிங் ஏர் பிஸ்டல் ஒன்று கைமாற்றாக வாங்கினேன். டிரிக்கரை இழுத்தால் மணலில் செருப்பு உரசுவது மாதிரி கரகரவென்று வருகிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், ஒரு வாரம் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம். வடசேரியில் மாமா கோயில் நகை செய்கிறார், அவரிடம் பஃபிங் மோட்டார் இருக்கிறது. உள்பாகங்களைக் கழற்றி அதில் ஒரு பிடி பிடித்தால் வழவழப்பாகிவிடாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பி, முதல் குற்றவாளி அந்தத் தேங்காய் எண்ணெய். நம் ஊரில் தலைக்கும் அதுதான், தாழ்ப்பாளுக்கும் அதுதான். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், உறையாவிட்டாலும் நாள்பட நாள்பட தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசினாகிவிடும். அதைத் துடைத்து எடுத்தாலே பாதிக் கரகரப்பு போய்விடும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது மோட்டார். பஃபிங் சக்கரம் எந்த விளிம்பைக் கண்டாலும் மழுக்கிவிடும், ஒட்டியாணத்துக்கு அது அழகு. உங்கள் பிஸ்டலுக்குள் பிஸ்டனை இழுத்துப் பிடித்து நிறுத்தியிருப்பது சியர் என்கிற சின்னக் கொக்கி, அது நிற்பதே அந்த விளிம்பின் கூர்மையிலும் சாய்விலும்தான். அது உருண்டுபோனால் டிரிக்கரைத் தொடாமலே வெடிக்கும். இன்னொன்று, இந்த மாதிரிப் பாகங்கள் பலவற்றில் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியது, சிரட்டைக்குள் தேங்காய் மாதிரி உள்ளே மென்மையான இரும்பு. தோலைத் தேய்த்துவிட்டால் அப்புறம் தேய்மானம் தானாகவே ஓடும்.

நானே பட்டவன். வருஷங்களுக்கு முன் ஒரு ஏர் ரைபிளின் சியரை வாட்டர் பேப்பரில் தேய்த்து, வெண்ணெய் மாதிரி இழுக்கிறது என்று வீடெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். மறுநாள் லோடு செய்து மேஜையில் வைத்தேன், வைத்த அதிர்ச்சியிலேயே பெல்லட் (ஈயக் குண்டு) போய் தட்டியில் தொங்கிய ரசகதலிக் குலையில் ஏறியது. பழம் போனால் போகட்டும், அரை மணி நேரம் முன்னால் அந்தப் பக்கம் குழந்தைகள் நின்றிருந்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்கிற முகங்களைத் தொடவே தொடாதீர்கள், உரசிக்கொண்டு போகிற இடங்களை மட்டும் பாருங்கள்: டிரிக்கர் ஆடுகிற பின், டிரிக்கரின் இரண்டு பக்கவாட்டு முகங்கள். பின்னைப் பஞ்சுக் குச்சியில் பிராசோ (பித்தளை துலக்குகிற பாலிஷ்) தொட்டுக் கையாலேயே தேய்த்து, நன்றாகத் துடைத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் குண்டூசி முனையில் எடுக்கிற அளவு வைத்தால் போதும். சிலிண்டருக்குள் எண்ணெய் போகக்கூடாது, போனால் அழுத்தத்தில் தீப்பிடித்து டப்பென்று வெடிக்கும். மெயின் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பது, அந்தப் பக்கத்தைக் கழற்ற வேண்டிவந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். டிரிக்கருக்குத் திருகாணி இருந்தால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். பெல்லட் போடாமல் ஸ்பிரிங் பிஸ்டலைச் சுட்டுப் பழகாதீர்கள், பிஸ்டன் மோதி சீல் கெடும்.

கேள்வி: அப்பாவின் லைசென்ஸ் பிஸ்டல் வீட்டில் இருக்கிறது, அதற்கும் இதே பாலிஷ் செய்யலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கூடாது. குழல் துளை 4.5 மில்லிமீட்டர், பெல்லட் வெளியேறுகிற சக்தி 20 ஜூல், இதற்குள் இருக்கிற ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், அதனால் மேலே அவ்வளவு பேசினேன். நிஜத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கிற தொழிலுக்கே 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தனி லைசென்ஸ் வேண்டும். சியர் தேய்ந்த பிஸ்டல் ஒரே இழுப்பில் இரண்டு ரவை தள்ளிவிடும், அதை வீட்டில் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. அப்பா காலமாகிவிட்டார் என்றால் அவர் லைசென்ஸ் உங்களுக்குத் தானாக வராது, முதலில் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படையுங்கள். பாலிஷ் எல்லாம் அப்புறம்.

கேள்வி: போட்டியில் டிரிக்கரை இழுக்கிற எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்கிறார்களே, வீட்டில் எப்படிப் பார்ப்பது?
– வாசகி, குலசேகரம்

பதில்: 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு அதுதான் விதி, 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். பெல்லட் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு காக் செய்து (சுடுவதற்குத் தயாராக ஏற்றி நிறுத்தி), குழல் செங்குத்தாக மேலே பார்க்கிற மாதிரி பிடித்து, டிரிக்கரின் நடுவில் 500 கிராம் எடையை நூலில் தொங்கவிட்டுத் தூக்குங்கள். டிரிக்கர் விடுபடாமல் எடையைத் தூக்கினால் தேறியது. பெல்லட் இல்லாமல் விடுபட்டால் சீல் கெடும் என்பதால் மேலே சொன்ன ஸ்பிரிங் பிஸ்டலில் இதைச் செய்யாதீர்கள். அரைக்கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைக் கட்டாதீர்கள், உறையும் நூலும் சேர்ந்து எடை கூடிவிடும். நாகர்கோவில் தம்பியின் மாமா மாதிரி யாராவது தெரிந்தால் நகைத் தராசில் எடை போட்டு, நூலோடு சேர்த்து 500க்குக் கொண்டுவாருங்கள்.