தேயிலை நோய்ப் படங்களுக்கான நரம்பு வலைப்பின்னலைத் தானாக வடிவமைக்கும் தேடலை, படங்களில் ஒரு பகுதியை மட்டும் கொண்டு நடத்தலாமா?

நடத்தலாம், எந்தப் பகுதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளுக்காக, கைப்பேசிப் படத்திலிருந்து கொப்புள நோயைக் கண்டறியும் செயலி ஒன்றில் வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஜிபியுதான் (இந்தப் பயிற்சிக் கணக்கீடுகளை வேகமாகச் செய்யும் சிப்).

கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட இத்தகைய கட்டமைப்புத் தேடலுக்கு ஒரே நேரத்தில் 800 ஜிபியுக்கள் தேவைப்பட்டன. 2018இல் வந்த டார்ட்ஸ் (DARTS) என்ற தேடல் முறை அந்த வேலையை ஒரு ஜிபியுவில் சில நாட்களுக்குள் அடக்கியது. ஒரு எபோக்குக்கு, அதாவது எல்லாப் படங்களையும் ஒருமுறை காட்டிப் பயிற்றும் சுற்றுக்கு, ஆகும் நேரம் படங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே கூடுவதால், படங்களைக் குறைத்தால் நேரம் மேலும் குறையும். துல்லியமும் குறையத்தான் செய்யும், ஆனால் தேடும் கட்டத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. முழுத் தரவில் முந்தும் வடிவம் குறைந்த தரவிலும் முந்தினால் போதும்.

கடினமான படங்களே அதிகம் கற்றுத்தரும் என்று எண்ணி அவற்றை மட்டும் பொறுக்குவது, தொகுப்பு சிறியதாக இருக்கும்போது கைகொடுப்பதில்லை. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிறிய வலைப்பின்னல் மாதிரி (model) ஒன்றை முதலில் பயிற்றி, ஒவ்வொரு படத்திலும் அது எவ்வளவு தடுமாறுகிறது என்பதை என்ட்ரோபியால் (கணிப்பில் உள்ள நிச்சயமின்மையின் அளவு) அளந்து, மிக எளியவற்றையும் மிகக் கடினமானவற்றையும் சேர்த்துக்கொண்டு நடுவில் உள்ளவற்றை விட்டுவிடும் வழியைக் காட்டியது. எங்கள் மலைக்கு இதில் ஒரு திருத்தம் வேண்டும். இளங்கொழுந்தின் அடிப்புறம் வெண்பட்டுபோலப் புடைத்து, மேற்புறம் குழிந்திருந்தால் எந்த மாதிரியும் தடுமாறாது. எண்ணெய்த்துளிபோல் ஒளி ஊடுருவும் தொடக்கநிலைப் புள்ளியில்தான் தடுமாறும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் எடுத்த மங்கலான படத்திலும் அதே அளவு தடுமாறும். என்ட்ரோபிக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே கடினப் பட்டியலை ஒருவர் கண்ணால் பார்த்து, நோய் இருப்பதே தெரியாத படங்களைக் களைந்தாக வேண்டும். அலுப்பான வேலைதான்.

இன்னொன்று, டார்ட்ஸ் முறையில் பயிற்சித் தரவின் ஒரு பாதி எடைகளைக் (வலைப்பின்னல் பயிற்சியில் கற்கும் எண்கள்) கற்கவும் மறுபாதி கட்டமைப்பைத் தேர்ந்தெடுக்கவும் போகிறது. ஒரே செடியை அடுத்தடுத்து எடுத்த படங்கள் இரண்டு பாதிகளிலும் இருந்தால், மனப்பாடம் செய்யும் வடிவமே தேர்வாகிவிடும். படங்களைத் தோட்டவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தேடலைத் தொடங்குமுன், நான்கைந்து வடிவங்களை முழுத் தரவிலும் சிறு தொகுப்பிலும் தனித்தனியே பயிற்றி, இரண்டு தரவரிசைகளையும் ஒப்பிடுங்கள். வரிசை பெரிதும் மாறினால் தொகுப்பைப் பெரிதாக்குங்கள். தேர்வான வடிவத்தை இறுதியில் முழுத் தரவில் புதிதாகப் பயிற்ற வேண்டும். சோதனைக்கு ஒதுக்கிய படங்களை அதுவரை தொடவே கூடாது.