சம்பளத்தில் ‘நன்கொடை’ வெட்டுகிறார்கள், வேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி: ஹட்டனில் ஒரு தனியார் கம்பனியின் கிளையில் கணக்கு எழுதும் வேலை செய்கிறேன். மொத்தம் 22 பேர் இருக்கிறோம். நான் சேர்ந்து பத்து மாதம், தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி, புத்தகம் வாங்கிக்கொடுக்க என்று முதலாளியின் அறக்கட்டளைக்கு மாதாமாதம் ஒரு நாள் சம்பளம், 1,200 ரூபா, வெட்டுகிறார்கள். எனக்கு எட்டு மாதமாக வெட்டுகிறார்கள். தேத்தண்ணி குடிக்கும் அறையில் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருக்கிறது, கொடுக்காதவர் பெயரைச் சுற்றி சிவப்புப் பேனையால் வட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறார், தம்பி படிக்கிறான், எங்கள் வீட்டுக்கே காசு போதவில்லை. நிறுத்தச் சொல்லிக் கேட்டதற்கு மெனேஜர், “நீங்களே தோட்டத்துப் பிள்ளை, உங்கள் ஆட்களுக்குக் கொடுக்க மனமில்லையா? நிரந்தரமாக்கும்போது இதையெல்லாம் பார்ப்போம்” என்றார். நான் என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அப்படிச் சொல்வதால் நீங்கள் கல்நெஞ்சக்காரி ஆகிவிட மாட்டீர்கள். மெனேஜர் சொன்ன வார்த்தை உங்களை எங்கே குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, எங்கள் சனத்துக்குக் கொடுக்கச் சொல்லி யாரும் பட்டியல் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. உங்கள் 1,200 ரூபாவும் தோட்டத்துப் பிள்ளை ஒருவனின் படிப்புக்குத்தான் போக வேண்டியது, அவன் உங்கள் தம்பி.

சரி, சட்டத்துக்கு வருவோம். அலுவலக வேலை என்பதால் உங்களுக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டம். தோட்டத் தொழிலாளர் போன்றவர்களுக்கு 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே நிலைப்பாடுதான். சம்பளத்தை வெட்டாமல் கொடுக்க வேண்டும். வெட்டுவதென்றால் அது ஒழுங்குவிதிகள் அனுமதித்த வகையாக இருக்க வேண்டும், அத்தோடு ஊழியரின் சம்மதமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வெட்ட முடியாது. ஆகவே “நல்ல காரியத்துக்குத்தானே” என்பது முதலாளிக்கு ஒரு சட்ட பதிலே இல்லை, காரியம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தக் காசைத் தொட அவருக்கு உரிமை இல்லை.

வேலையில் சேர்ந்த அன்று மற்றக் கடதாசிகளோடு சேர்த்து ‘விருப்பப் படிவம்’ ஒன்றிலும் கையெழுத்து வாங்கினார்கள் என்று பிறகு அனுப்பிய செய்தியில் எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். அந்தச் சம்மதத்தை நீங்கள் இன்றைக்கே திரும்பப் பெறலாம், அதற்குப் பிறகு வெட்டும் ஒவ்வொரு சதமும் சம்மதம் இல்லாத வெட்டு. வெட்டிய 9,600 ரூபாவைத் திரும்பக் கேட்கும்போதுதான் அந்தப் படிவத்தைக் காட்டி வாதாடுவார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாங்கிய கையெழுத்தை மனமுவந்த சம்மதமாக எடுக்கக்கூடாது என்பது நம் நாட்டில் நடைமுறையில் உள்ள ரோமன் டச்சுச் சட்டத்திலும் இருக்கும் வாதம்தான். ஆனால் பயமுறுத்தியதைக் காட்ட ஆதாரம் வேண்டும். அந்தச் சிவப்பு வட்டம் போட்ட பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெனேஜர் இதைப் பற்றி வட்ஸ்அப் குழுவில் ஏதாவது போட்டிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள், 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் இப்படியான பதிவுகளையும் சாட்சியமாகக் காட்டலாம். அவர் வாயால் சொன்னதை, என்றைக்கு, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

இனி உங்கள் சம்பளச் சீட்டைப் பற்றி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சம்பளம் 36,000, அதற்குக் கீழே ‘நலன்புரி 1,200’, அதற்கும் கீழே ஊழியர் சேமலாப நிதி 2,784. நன்கொடை என்ற சொல்லே அதில் இல்லை, அது ஒரு விஷயம். அதைவிட முக்கியம், சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக வெட்ட வேண்டியது 36,000 ரூபாவின் 8 வீதம், அதாவது 2,880. அவர்கள் 1,200ஐக் கழித்துவிட்டு 34,800க்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். முதலாளி போட வேண்டிய 12 வீதத்தையும் இப்படியே கணக்குப் பார்த்திருந்தால் 4,320க்குப் பதில் 4,176தான் போயிருக்கும், ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதத்திலும் 36 ரூபா குறையும். மூன்றையும் கூட்டினால் மாதம் 276 ரூபா. சின்னக் காசு என்று விடாதீர்கள். நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சேமலாப நிதியை முழுச் சம்பளத்துக்கும் கட்டியே ஆக வேண்டும், 22 பேருக்கும் இப்படி நடந்திருந்தால் அது தனியான சட்டமீறல், நிலுவைக்கு மேல் மேலதிகக் கட்டணமும் கட்ட வேண்டி வரும். கம்பனி இறங்கி வரப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காசு எங்கே போகிறது என்று கேட்பதும் உங்கள் உரிமை. நீங்கள் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு உண்டா? புத்தகம் கொடுக்கும் விழாவில் ஊழியர்கள் காசு என்று சொல்கிறார்களா, கம்பனியின் கொடை என்று பேனர் கட்டுகிறார்களா? ஊழியரின் காசைக் கம்பனியின் கொடையாகக் காட்டி வரிச்சலுகை எடுத்திருந்தால் அது இறைவரித் திணைக்களம் பார்க்க வேண்டிய வேறு சிக்கல். இந்தக் கேள்வியை முதல் கடிதத்தில் எழுத வேண்டாம், மனதில் வைத்திருங்கள்.

முதல் கடிதம் சின்னதாக, மரியாதையாக இருக்கட்டும்: “எனது குடும்பப் பொருளாதார நிலை காரணமாக, அறக்கட்டளைக்கான மாதாந்தக் கழிப்புக்கு நான் கொடுத்த சம்மதத்தை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன். இம்மாதச் சம்பளத்திலிருந்து இத்தொகையைக் கழிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.” அவ்வளவுதான். சம்பளம் போடுவதற்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன்னால் கொடுத்து, பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் அந்த இரண்டு மாதம். மறைக்காமல் சொல்கிறேன், தகுதிகாண் காலத்தில் இருப்பவரை நிறுத்துவது முதலாளிக்கு ஓரளவு சுலபம், வேலையில் திருப்தியில்லை என்று சொன்னால், வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை பொதுவாக அதை ஆழமாகத் தோண்டாது. ஆனால் உள்நோக்கத்தோடு, பழிவாங்க நிறுத்தினால் அதை விசாரிக்கும். அதனால்தான் கடிதத்தின் திகதி முக்கியம். பத்து மாதமாக ஒரு குறையும் சொல்லாதவர்கள், கடிதம் கொடுத்த மறுவாரம் உங்கள் வேலை சரியில்லை என்று எழுதினால் அதன் காரணம் யாருக்கும் விளங்கும். அப்படி நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஒரு நாளும் பிந்தக்கூடாது. உங்களோடு இருக்கும் நிரந்தர ஊழியர்களுக்குப் பாதுகாப்பு இன்னும் பலமானது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்பதால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் அவர்களை நிறுத்த 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவர்களின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். அவர்களில் நாலு பேர் உங்களோடு சேர்ந்து கையெழுத்து வைத்தால் சிவப்பு வட்டம் உங்கள் தலையில் மட்டும் விழாது, கேட்டுப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று, கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் வருபவர்களில் எத்தனையோ பேர் அந்த ஒரு கடதாசியால் நல்ல வழக்கைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள், தானாகப் போனவர் என்ற முத்திரையை அப்புறம் அழிப்பது பெரிய பாடு.

கடிதத்துக்குப் பிறகும் வெட்டினால் ஹட்டன் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுங்கள். உங்கள் பெயரை வெளியிடாமல் பதிவேடுகளைச் சோதிக்கும்படி கேட்கலாம், ஆனால் 9,600ஐத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் பெயர் தெரியத்தான் வேண்டும், இதில் எது வேண்டும் என்று அம்மாவோடு இருந்து பேசி முடிவெடுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள், சிங்களத்தில் எழுதித் தரச் சொல்லி வெளியில் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். போகும்போது அடையாள அட்டை, நியமனக் கடிதம், எட்டு மாதச் சம்பளச் சீட்டுகளின் பிரதிகள் கையில் இருக்கட்டும், மூலப்பிரதிகளை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.