தாத்தாவின் துப்பாக்கியும் மாறிய ஆயுதச் சட்டமும்

கேள்வி: 2017-இல் காலமான என் தாத்தாவின் பெயரில் இரண்டு இரட்டைக்குழல் துப்பாக்கிகளும் ஒரு ரைபிளும் உள்ளன. மூன்றும் இன்னும் எங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கின்றன. வாரிசு என்ற முறையில் நானே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மூன்றையும் வைத்துக்கொள்ள முடியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 1983-இல் செய்த திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கிகள் வரை அனுமதித்தது. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்ததுடன், வாரிசு முறையில் வருபவற்றுக்கும் அதே வரம்புதான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அந்தத் திருத்தத்துக்கான மசோதா முதலில் ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் இடம் தந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆனால் எண்ணிக்கையைவிட அவசரமான சிக்கல் ஒன்று உங்களுக்கு இருக்கிறது. உரிமம் ஆளுக்குத் தரப்படுவது. தாத்தா மறைந்ததும் அந்த மூன்றும் பீரோவைவிட்டு அசையாமலேயே உரிமமில்லாத ஆயுதங்களாகிவிட்டன. உரிமமின்றி வைத்திருப்பதற்கான தண்டனையும் இப்போது 2 முதல் 5 ஆண்டு வரை சிறை என்று கூடியிருக்கிறது. ஆகவே ஒரு வழக்கறிஞரிடம் கலந்து பேசி, தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடமோ அவற்றை ஒப்படைத்து ரசீது பெறுங்கள். ரசீதில் எழுதும் துப்பாக்கி எண், அதன் இரும்பில் பொறித்த எண்ணோடும் பழைய உரிமப் புத்தகத்தின் எண்ணோடும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வோர் இலக்கமாக அங்கேயே நின்று சரிபாருங்கள். தேய்ந்துபோன 3 ஒன்றை 8 என்று எழுதிவிட்டதால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அலைந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதன் பிறகு எந்த இரண்டு வேண்டும் என்று முடிவு செய்து உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். மூன்றாவதை உரிமம் உள்ளவருக்கு விற்றுவிடலாம். விதித்த காலம் கடந்தால் ஒப்படைத்த ஆயுதம் அரசுடைமையாகிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. அவர் இருக்கும்போதே துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற முடியுமா? நான் மகள்.

பதில்: முடியும். உரிமதாரர் 70 வயதை எட்டியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாழும்போதே வாரிசுக்கு மாற்ற 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வழி செய்கின்றன. மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. முதல் கேள்வியில் கண்ட சங்கடத்தை முன்கூட்டியே தவிர்க்கும் வழி இது என்பதால், தள்ளிப்போடாதீர்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறேன்.

கேள்வி: ரைபிள் கிளப் உறுப்பினருக்கும் இரண்டு என்ற வரம்பு உண்டா?

பதில்: மத்திய அரசு உரிமம் அளித்த அல்லது அங்கீகரித்த கிளப்பின் உறுப்பினர், குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தும் துப்பாக்கி அந்த வரம்புக்குள் வராது. முன்பு இச்சலுகை பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குழல்) ரைபிளுக்கும் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிளுக்கும் மட்டுமே இருந்தது. 2019 திருத்தம் அதை விரிவாக்கியது.

கேள்வி: திருமண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவது எங்கள் குடும்ப வழக்கம். உரிமம் இருக்கிறது, தடை உண்டா?

பதில்: உண்டு. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்துக்காகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மேலே போன குண்டு கீழே வந்துதான் தீரும்; அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: குழலின் வாய்வழியே மருந்திட்டுச் சுடும் பழங்காலத் துப்பாக்கிகள் மூன்று என்னிடம் உள்ளன. அவற்றுக்கும் உரிமம் வேண்டுமா?

பதில்: 2020 பிப்ரவரியில் திருத்திய விதிகளின்படி, பழம்பொருள், அரும்பொருள் என்ற வகைகளில் அடங்கும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை. சுடுவதற்கும், உடன் எடுத்துச் செல்வதற்கும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோவதற்கும் உரிமம் வேண்டும். சேகரிப்பாளர்கள் இடறி விழுவது இங்கேதான்: வீட்டுச் சுவரில் குற்றமற்றுத் தொங்கிய பொருள், கண்காட்சிக்காகக் காரில் ஏறிய நொடியே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பழுது பார்த்தாலும் சுட இயலாத பழைய ஆயுதங்களுக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தனியே விலக்கு அளிக்கிறது. அதை நம்பி, தீப்பொறி உள்ளே இறங்கும் அந்தச் சிறு துளையை வெல்டிங் வைத்து அடைத்துவிட அவசரப்பட வேண்டாம்; நூறாண்டு கடந்த கைவேலை அதோடு பாழாகிவிடும். முதலில் நிபுணரிடம் காட்டி, எந்த வகை என்பதை உரிமம் வழங்கும் அதிகாரியிடமிருந்து எழுத்தில் பெற்று, புகைப்படத்துடன் கோப்பில் வையுங்கள்.