டிசி கொடுத்து அனுப்ப முடியாது

அக்கா, ஏழாவது படிக்கிற பையன் கிளாஸ்ல கெட்ட வார்த்தை பேசினதுக்கு "டிசி வாங்கிட்டுப் போங்க"ன்னு ஹெச்எம் சொன்னதா எழுதியிருக்கீங்க. எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16 படி எட்டாவது முடிக்கிற வரைக்கும் பிள்ளையை நீக்கக் கூடாது. அடிக்கவும் கூடாது, அது பிரிவு 17. கண்டிக்கலாம், நம்மளைக் கூப்பிட்டு விடலாம், அது நியாயம்தான். பள்ளி மேலாண்மைக் குழுவுல சொல்லுங்க, அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அசையலேன்னா பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417-க்குக் கூப்பிடுங்க.

என் பையன் நாலாவதுல ஒரு வார்த்தையை போர்டுலயே எழுதி வச்சான், அதுவும் எழுத்துப் பிழையோட! வியாசர்பாடி தெரு கிரிக்கெட்ல பொறுக்கினது. டீச்சர் அழிச்சுட்டு, "அர்த்தம் தெரியுமாடா?"ன்னு கேட்டாங்க. திருதிருன்னு முழிச்சான்.

ஆமா, உங்க பையன் யாரைத் திட்டினான்? டீச்சரைன்னா நாளைக்கே மன்னிப்புக் கேக்க வைங்க.