பெட்ரோல் வாடையா? டேங்கின் மேல்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் 13 வயது ஜப்பானிய கார். சனிக்கிழமைதோறும் குடும்பத்தோடு எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போய், அங்கேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு திரும்புவோம். ஞாயிறு காலை காரைத் திறந்தால் உள்ளே பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது. புதன், வியாழனுக்குள் அதுவாகவே போய்விடுகிறது. தரையில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. பட்டறையில், என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இஞ்செக்டர்களையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இஞ்செக்டருக்கு ஞாயிறும் தெரியாது, புதனும் தெரியாது. என்ஜின் ஓடும்போது பம்ப் அதற்கு ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. டேங்க் நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் அந்த அழுத்தம் மாறுவதில்லை. அங்கே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கசிந்தால் வாரம் முழுக்க வாடை அடிக்கும். உங்கள் வாடையோ பெட்ரோல் குறையக் குறையத் தணிகிறது. அப்படியானால் கசிவு டேங்கின் மேல்பகுதியில்தான் இருக்க வேண்டும்.

இடத்தை இன்னும் நெருக்கலாம். இங்கிருந்து எல்லை தாண்டும் சிங்கப்பூர் காரில் டேங்க் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது 1991 முதல் உள்ள விதி. ஆக, சனிக்கிழமை காலையிலேயே உங்களிடம் முக்கால் டேங்க் இருக்கிறது. அப்போது வாடை இல்லை. ஜோகூரில் மிச்சத்தை நிரப்பியதும் வருகிறது. கசியும் இடம் அந்த முக்காலுக்கு மேலே.

உறுதி செய்ய ஒரு சனிக்கிழமை ஜோகூரில் சாப்பிட்டுவிட்டு, பெட்ரோல் போடாமல் திரும்புங்கள். மனம் கேட்காதுதான். ஆனால் மறுநாள் வாடை இல்லையென்றால் இஞ்செக்டர் செலவு மிச்சம்.

இனி, எப்படி நிரப்புகிறீர்கள்? குழாய் தானாக 'டக்' என்று நின்ற பிறகும் அமுக்கி அமுக்கி விளிம்புவரை ஊற்றுகிறீர்களா? காரைக் குலுக்கிக்கூட நிரப்புகிறவர்களை எல்லைக்கு அப்பால் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம்தான் பழைய கார்களின் எமன். டேங்கின் உச்சியில் வேண்டுமென்றேதான் காலியிடம் விட்டிருக்கிறார்கள். நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல், வெயிலில் நிற்கும் காருக்குள் சூடேறி விரியும். 50 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடும். இடமில்லாவிட்டால் அது ஆவி போகும் குழாய் வழியாகக் கானிஸ்டருக்குள் இறங்கும். கானிஸ்டர் என்பது கரி அடைத்த பெட்டி. டேங்கிலிருந்து வரும் ஆவியைப் பிடித்துவைத்து, ஓடும்போது என்ஜினுக்கு அனுப்புவது அதன் வேலை. ஆவியைத் தாங்கும் கரி திரவத்தைத் தாங்காது. நனைந்து பொடியானால் துகள் வால்வை அடைக்கும், ஆவி வெளியே கசியும். பெட்ரோல் நிரப்பியவுடன் கார் ஸ்டார்ட் ஆகத் தடுமாறினால் கானிஸ்டர் பக்கம் சந்தேகப்படுங்கள்.

ஆனால் உங்களுக்குக் காருக்குள்ளேயே வாடை வருவதால், என் முதல் சந்தேகம் பின்னிருக்கைக்கு அடியில். பெரும்பாலான ஜப்பானிய கார்களில் பம்ப் அங்கேதான் டேங்கிற்குள் இறங்கியிருக்கும். அதன் மூடிக்குக் கீழே ஒரு ரப்பர் வளையம் உண்டு. வருடக்கணக்கில் பெட்ரோலில் ஊறியதும் அது உப்பிப்போகும், வெடிப்பு விடும். அண்மையில் பம்ப் மாற்றினீர்களா? பழைய வளையத்தையே திரும்பப் போட்டிருந்தால் இதுதான் நடக்கும். இருக்கையைத் தூக்கி, தகட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிலும் உலர்ந்த தூசி இருக்க, ஓரிடத்தில் மட்டும் அது ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் ஆள் அகப்பட்டான். அதற்குக் கீழுள்ள பம்ப் மூடியை நீங்கள் திறக்காதீர்கள். அங்கே எதுவும் இல்லையென்றால், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கர வளைவுக்குள் பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் இருப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை.

தரையில் கறை இல்லை என்பதை நம்பாதீர்கள். சிறு கசிவு தரையைத் தொடுமுன்னே நம் ஊர்ச் சூட்டில் ஆவியாகிவிடும். மூக்கையும் முழுதாக நம்ப முடியாது, சில நிமிடங்களில் பழகிவிடும். அந்தக் காரில் தினமும் ஏறாத ஒருவரை மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

முக்கால் டேங்கிலும் வாடை வந்தால் என் கணக்கு தப்பு. என்ஜின் பக்கம் போக வேண்டியதுதான். ஏர்கானில் வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் வாடை கூடி, உள்காற்றையே சுழற்றும்போது குறைந்தால், அது முன்பக்கத்திலிருந்து வருகிறது.

இந்தச் சோதனை எதையும் பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் கீழ்த் தளங்களில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். திறந்த மொட்டைத் தளத்துக்குப் போங்கள். சிகரெட்டும் லைட்டரும் தள்ளியே இருக்கட்டும். ஈரம் சொட்டுவதைக் கண்ணால் பார்த்தால் ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். தீயென்றால் 995.

10 வயதைக் கடந்த காருக்கு வருடாந்தரப் பரிசோதனை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அங்கே பார்ப்பது பிரேக், வெளியேறும் புகை போன்றவற்றை. உங்கள் ரப்பர் வளையத்தை யாரும் இருக்கையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

பட்டறைக்குப் போகும்போது "பெட்ரோல் வாடை" என்று மட்டும் சொல்லாமல், "டேங்க் நிரம்பியிருந்தால் மட்டும், உள்ளே" என்று சொல்லுங்கள். டேங்கின் ஆவிக் குழாய்களுக்குள் புகை செலுத்திக் கசிவைப் பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். சின் மிங், உபி வட்டாரங்களில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஓரிடத்தில் அந்தக் கருவி இல்லையென்றால் அடுத்த கதவைத் தட்டுங்கள். வளையம் மாற்றியபின் டேங்கை முதல் 'டக்' வரை நிரப்பி, ஓரிரவு மூடிவைத்து, காலையில் திறந்து பாருங்கள்.