படிக்க நன்றாக இருந்த நாடகம் மேடையில் ஏன் தொய்கிறது?

கேள்வி: முதன்முறையாக 20 நிமிட நாடகம் ஒன்று எழுதியிருக்கிறேன். பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்திருந்த அக்காவும் தம்பியும் அம்மாவின் மறைவுக்குப் பிறகு பழைய வீட்டில் சந்திக்கிறார்கள். படித்தவர்கள் பாராட்டினார்கள். ஒத்திகையிலோ தொய்வாக இருக்கிறது. வசனத்தை வெட்டினால் சரியாகுமா?

பதில்: வெட்ட வேண்டியிருக்கும், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள்: அந்த அறையில் அக்காவுக்கு இப்போதே என்ன வேண்டும்? 'மன்னிப்பு', 'பாசம்' என்றெல்லாம் பதில் வந்தால் நடிகை அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அம்மாவின் பெட்டிச் சாவி வேண்டும் என்று வையுங்கள். சாவி தம்பியின் சட்டைப்பையில் இருக்கிறது. கொடுக்க அவனுக்கு மனமில்லை. இனி அவள் நலம் விசாரித்தாலும், பழங்கதை பேசினாலும், அழுதாலும் அது சாவியை வாங்கும் முயற்சிதான். பேச்சு செயலாகிவிடும்.

கிரேக்க மொழியில் 'டிராமா' என்ற சொல்லே 'செய்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. கதைப்பின்னல், பாத்திரம், சிந்தனை, மொழி, இசை, காட்சி என்று துன்பியல் நாடகத்துக்கு ஆறு உறுப்புகளைச் சொன்ன அரிஸ்டாட்டில், கதைப்பின்னலைத்தான் முதலில் வைத்தார். நாடகம் காட்டுவது ஆட்களை அல்ல, அவர்களின் செயலை என்பது அவர் வாதம். நடிகருக்கு இதையே கேள்வியாக மாற்றிக் கொடுத்தவர் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி: இந்தக் காட்சியில் என் பாத்திரத்துக்கு என்ன வேண்டும்?

அடுத்து அசைவு. உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்பதற்காக அவர்களைச் சும்மா நடக்க விடாதீர்கள். பார்வையாளரின் கவனம் பேச்சைவிட அசைவின் பக்கம்தான் எளிதில் போகும். ஒருவர் முக்கியமான வரியைச் சொல்லும்போது மற்றவர் நகர்ந்தால் அந்த வரி போயே போய்விடும். அக்கா புதிய வழியில் கேட்கத் தொடங்கும் இடத்தில் எழட்டும், நெருங்கட்டும். தம்பி கை தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டால் போதும், நீங்கள் எழுதிய அரைப்பக்க வசனம் தேவைப்படாது.

இதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது, தயவுசெய்து செய்துபாருங்கள். ஒருநாள் ஒத்திகையை வசனமே இல்லாமல் நடத்துங்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். யார் எதைக் கேட்கிறார், யார் மறுக்கிறார், யார் கை ஓங்குகிறது என்று தெரிகிறதா? எங்கே தெரியவில்லையோ அங்கேதான் தொய்வு. அசைவே சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்லும் வரிகளை அதற்குப் பிறகு வெட்டுங்கள்.

ஒளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: விளக்கு நேர் தலைக்கு மேல் இருந்தால் கண்குழியில் நிழல் விழும், பார்வை தெரியாது. முன்பக்கம் இருபுறமும் உயரத்திலிருந்து, ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் அடியுங்கள்.

முடிவில் இருவரும் சமாதானமாகிப் பேசும் நீண்ட பகுதி உங்கள் பிரதியில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். தம்பி சாவியை மேசையில் வைக்கிறான், அக்கா அதை உடனே எடுக்கவில்லை. அங்கே விளக்கை அணைத்துவிடலாம்.