கையில் ஒரு போன், எதிரே ஒரு வகுப்பு: கேள்வி பதில்

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களும் பள்ளி நூலகர்களும் தொழில்நுட்பம் பற்றிக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

இயற்பியல் ஆசிரியர்: மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது. என்னிடம் மட்டும்தான் ஸ்மார்ட்போன் இருக்கிறது. என்ன செய்யலாம் சார்?

அச்சிட்ட அட்டைகளைப் போன் கேமராவால் படித்து விடைகளைச் சேகரிக்கும் பிளிக்கர்ஸ் செயலியைப் பயன்படுத்துங்கள். அதன் தளத்தில் இருக்கும் அட்டைகளை அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் வேறுவேறு கறுப்புக் கட்டம், நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை எழுத்து மேலே வரும்படி மாணவர் அட்டையைப் பிடிப்பார். போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால், யார் எந்த விடை என்பது உங்கள் திரைக்கு வந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு அந்த எழுத்து எளிதில் தெரியாது. வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளும் தைரியமாகத் தூக்குவார்கள்.

பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா தடுமாறும். தடித்த தாளே போதும். விரல் கட்டத்தை மறைத்தாலும் படிக்காது. அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் குழப்பம் வராது.

இதன் உயிர் நீங்கள் கேட்கும் கேள்வியில்தான் இருக்கிறது. "மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது அதன் முடுக்கம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். 'பூஜ்ஜியம்' என்ற தவறான விடையோடு பல அட்டைகள் உயரும். உடனே விடையைச் சொல்லாதீர்கள். எந்த விடைக்கு எத்தனை பேர் என்று செயலி காட்டும் பட்டை வரைபடத்தையும் காட்டாதீர்கள். கூட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் எல்லோரும் அங்கே சாய்ந்துவிடுவார்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் பரப்பிய முறை இங்கே கைகொடுக்கும்: சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதம் வந்தால், வேறு விடை சொன்னவரோடு 2 நிமிடம் வாதாடவிட்டு மறுபடி அட்டை தூக்கச் சொல்லுங்கள். 30க்குக் கீழே என்றால் பாடத்தையே வேறு விதமாக நடத்த வேண்டும். 70க்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். வந்த விடையைப் பார்த்து அடுத்த 10 நிமிடத்தை நீங்கள் மாற்றவில்லை என்றால், அட்டை தூக்கியது வீண்.

கணித ஆசிரியர்: கஹூட் நடத்தினால் யோசிக்காமல் தட்டுகிறார்கள். எப்போதும் அதே மூன்று பேர்தான் ஜெயிக்கிறார்கள்.

வேகத்துக்கு மதிப்பெண் தரும் இணைய வினாடி வினா விளையாட்டு அது. உடனே தட்டினால் 1000 புள்ளி. நேரம் முடியும் தறுவாயில் தட்டினால், விடை சரியாக இருந்தாலும் ஏறக்குறைய பாதிதான். கணக்குப் போட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு இது நியாயமே இல்லை. கேள்விக்கான நேரத்தை 20 வினாடியிலிருந்து 90 அல்லது 120க்கு உயர்த்துங்கள். கடினமான கேள்விகளுக்குப் புள்ளியே இல்லாதபடி அமைக்கலாம். குழு முறையில் வைத்தால் தட்டுவதற்கு முன் பேச்சு நடக்கும்.

நூலகர்: புத்தகங்களில் கியூஆர் கோடு ஒட்டினேன். பாதி வேலை செய்யவில்லை, மீதியை யாரும் தொடுவதில்லை.

முதலில் வேலை செய்யாதவை. கோடின் அகலம், ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும்: 30 செ.மீ. தூரத்துக்கு 3 செ.மீ. சுற்றிலும் நான்கு சிறு கட்ட அளவு வெள்ளை விளிம்பு விடுங்கள். அதை வெட்டிவிடுவதால்தான் பல கோடுகள் படிப்பதில்லை. இணைய முகவரி நீளமானால் கட்டங்கள் பொடியாகிவிடும். புத்தக முதுகின் வளைவில் ஒட்டாதீர்கள். சில இலவசத் தளங்கள் தரும் 'டைனமிக்' கோடு அந்தத் தளத்தின் வழியாகச் சுற்றிப் போவது, அந்தச் சேவை நின்றால் செத்துவிடும். முகவரியையே நேராகத் தனக்குள் வைத்திருக்கும் 'ஸ்டாட்டிக்' கோடு எடுங்கள்.

அடுத்து, யாரும் தொடாதவை. ஸ்கேன் செய்தால் பதிப்பகத்தின் விளம்பரம் வந்தால் யார் தொடுவார்கள்? அந்தப் புத்தகத்தைப் படித்த மாணவர் ஒருவரின் குரல் 60 வினாடி வரட்டும். கதையைச் சொல்ல வேண்டாம், ஓர் இக்கட்டில் நிறுத்தினால் போதும். புத்தக அலமாரிகளுக்கு நடுவே பதிவு செய்யுங்கள், புத்தகங்கள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் 'ப' சொல்லும்போதெல்லாம் காற்று இடிக்கும். ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் உச்ச ஒலியை மைனஸ் 6 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்து, மோனோவில் (ஒற்றை ஒலித்தடத்தில்) 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக எடுத்தால் ஒரு நிமிடம் அரை எம்பிக்குள் அடங்கும். முழுப்பெயரும் படமும் போட வேண்டாம். பெற்றோர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நூலகர்: எங்கள் நூலகத்தில் இணையமே இல்லை.

இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளை ஒரு கணினியில் நிறுவி, தமிழ் விக்கிப்பீடியா மொத்தமும் அடங்கிய 'ஜிம்' கோப்பை வேறிடத்தில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவாருங்கள். டிரைவ் எஃப்ஏடி32 என்ற சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணினியை ஒரு வைஃபை ரவுட்டரில் இணைத்து, கிவிக்ஸில் உள்ளூர் சர்வரைத் தொடங்கினால் ஒரு முகவரி தரும். மற்ற கருவிகளின் பிரவுசரில் அதைத் தட்டினால் போதும். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று பார்த்த போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும், பக்கமும் திறக்காது. டேட்டாவை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

தமிழாசிரியை: கூகுள் ஃபார்மில், சரியான விடை எழுதினால்தான் அடுத்த பகுதி திறக்கும் பூட்டுப் புதிர் செய்தேன். சரியான விடையையே தவறு என்கிறது.

தமிழ்ச் சொல்லை விடையாக வைத்திருப்பீர்கள், டீச்சர். 'கொ' என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, ஃபார்முக்கு வேறு. இறுதியில் ஓர் இடைவெளி விழுந்தாலும் இதே கதிதான். எண்ணை விடையாக்குங்கள். நூலகங்கள் நூல்களை எண்ணால் வகைப்படுத்தும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, துப்பு அந்த அலமாரிக்கு அனுப்பட்டும், அங்குள்ள நூலின் பக்க எண் பூட்டைத் திறக்கட்டும். ஒவ்வொரு பூட்டும் தனிப் பிரிவில், 'கட்டாயம்' என்ற குறியோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடை எழுதாமலே தாண்டிவிடுவார்கள்.

வரலாற்று ஆசிரியர்: எல்லாவற்றையும் ஏஐயிடம் கேட்டு எழுதிவிடுகிறார்கள்.

அந்த விடையையே பாடமாக்குங்கள். ஏஐ எழுதிய 10 வரியை அச்சிட்டு, மூவர் குழுவாக நூலகத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே நூல் பெயரும் பக்கமும் எழுத வேண்டும். கிடைக்காவிட்டால் 'ஆதாரம் இல்லை' என்று குறிக்க வேண்டும். ஏஐ ஏதாவது நூலைச் சுட்டினால், அப்படி ஒரு நூல் உண்டா என்று முதலில் நூலகப் பட்டியலில் தேடட்டும். இல்லாத நூலைக்கூட அது கூசாமல் சொல்லும். கட்டுரைக்கு அல்ல, இந்தச் சரிபார்ப்புத் தாளுக்கு மதிப்பெண் போடுங்கள்.